இரண்டாம் வாழ்வு தந்த அங்காடி

சென்னை மத்திய இரயில் நிலையத்தில் புறநகர் வண்டிகள் வந்து நிற்கும் பகுதிக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வரும் ஆயிரக்கணக்கான மக்கள் நாள்தோறும் அங்கே இறங்கி, அவரவர் வேலையை நோக்கி விரைகின்றனர். அவர்களுள் இளவயதினர் எவரையேனும் நிறுத்தி, மூர் என்பவர் யார், மார்க்கெட் எங்கே இருக்கிறது என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. கட்டடம் மறைந்துவிட்டது, அதன் பெயர் மட்டும் கால அட்டவணையில் தங்கிவிட்டது. நம் கடற்கரை ஊர்களில், குடும்பம் முழுவதும் அயலூர்களுக்குப் பெயர்ந்த பின்னும் வீட்டுப் பெயர் மட்டும் வழக்கில் எஞ்சி நிற்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

அந்தக் கட்டடத்தின் வரலாற்றை நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட வேண்டிய தேவை ஒன்று இருக்கிறது. அது வெறும் பழம்பெருமைக்கான தேவை அன்று. நம் வீட்டுப் பரண்களோடும் மரப்பெட்டிகளோடும் தொடர்புடைய தேவை. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லுவேன். முதலில் அங்காடியின் கதையைக் கேட்போம்.

இன்று பிரகாசம் சாலை என்று வழங்கும் பழைய பிராட்வேயில், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்டீபன் பாப்பம் என்னும் வழக்கறிஞரின் பெயரால் ஓர் அங்காடி இருந்தது. நகரம் பெருகப் பெருக அங்கே நெருக்கடியும் அழுக்கும் பெருகின. காய்கறியும் இறைச்சியும் மீனும் விற்கும் இடம் நோய் பரப்பும் இடமாகிவிடும் என்று நகராட்சி அஞ்சியது. வேறிடத்தில் விசாலமான புதிய அங்காடி ஒன்றை எழுப்ப முடிவு செய்தார்கள். மத்திய இரயில் நிலையத்தை அடுத்து, பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவின் ஓரத்தில் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1898ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது சென்னை நகராட்சியின் தலைவராக இருந்தவர் சர் ஜார்ஜ் மூர். அவர் பெயரே அங்காடிக்கு நிலைத்தது. ஆர்.ஈ. எல்லிஸ் வரைபடம் தந்தார்; ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 1900ஆம் ஆண்டு ஆளுநர் சர் ஆர்தர் ஹாவ்லக் காலத்தில் அது திறக்கப்பெற்றது.

செங்கல் நிறத்தில், வரிசை வரிசையான வளைவுகளோடு, நாற்புறமும் அகன்ற தாழ்வாரங்களைக் கொண்டு, நடுவே திறந்த முற்றத்தை அணைத்தபடி நின்ற கட்டடம் அது. இந்தோ சாரசனிக் என்று கட்டடக் கலைஞர் கூறும் பாணியைச் சேர்ந்தது. முஸ்லிம் ஆட்சிக் காலத்து மாளிகைகளிலிருந்தும் மசூதிகளிலிருந்தும் வளைவுகளையும் மாடங்களையும் கடன் வாங்கி, ஆங்கிலேயப் பொறியாளர்கள் தம் தேவைக்கேற்ப இணைத்துக்கொண்ட பாணி. நவாபு வாலாஜாவுக்காகச் சேப்பாக்கத்தில் 1768இல் எழுந்த அரண்மனையை இந்தப் பாணியின் முன்னோடியாகக் கூறுவர். ஆகவே, மூர் மார்க்கெட்டின் வாயிலில் நுழைந்த நம்மவர்க்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிராது. வெயிலில் வந்தவன் பள்ளிவாசல் முகப்பில் ஒதுங்குவது போன்ற ஒரு குளிர்ச்சி அந்தத் தாழ்வாரங்களில் இருந்தது.

கட்டடங்களுக்கும் மனிதர்களைப் போல் ஒரு விதி உண்டு போலும். எதற்காகப் படைக்கப்பட்டதோ அதைவிட, பின்னால் தானாக வந்து சேர்ந்த பணியால் பெயர் பெறுவன சில. மூர் மார்க்கெட் காய்கறிக்கும் மலருக்கும் மாமிசத்துக்கும் மீனுக்கும் என்று கட்டப்பட்டது. ஆனால் நாளடைவில் நகரம் கழித்துவிட்ட பொருள்களெல்லாம் அங்கே வந்து குவிந்தன. பழைய கடிகாரம், உடைந்த ஆர்மோனியம், ஊசி தேய்ந்த கிராமபோன், அதற்குரிய இசைத்தட்டு, துரைமார் ஏலத்தில் விட்டுப்போன மேசை நாற்காலி, பீங்கான், பித்தளை, புறா, கிளி, வண்ணமீன், இவற்றோடு பழைய புத்தகம். புதுப் பொருள் வேண்டுவோர் மவுண்ட் ரோட்டுக்குச் சென்றனர். பிறர் வேண்டாம் என்று தள்ளியதில் தமக்கு வேண்டியதைத் தேடுவோர் மூர் மார்க்கெட்டுக்கு வந்தனர். அருகிலேயே மக்கள் உயிர்க் காலேஜ் என்று அழைத்த மிருகக்காட்சிச் சாலை இருந்தமையால், வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வருவோரும் இங்கே ஒருமுறை சுற்றிவராமல் திரும்புவதில்லை.

பேரம் அங்கே ஒரு கலையாக வளர்ந்திருந்தது. நான்கு மடங்கு விலை சொல்லுவதும், கால் பங்கிலிருந்து கேட்கத் தொடங்குவதும், வாங்குபவர் கோபித்துப் புறப்படுவதும், கடைக்காரர் பின்னாலிருந்து அழைப்பதும் அன்றாட நாடகம். ஊருக்குப் புதியவர் ஏமாந்த கதைகளும் ஏராளம். வாணிகத்தில் வாய்மையை வலியுறுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுதாயத்தினர் பலரும் அங்கே கடை வைத்திருந்தனர். அவர்களுள் அந்த நாடகத்தில் பங்கேற்றோரும் உண்டு. விலகி நின்றோரும் உண்டு.

விலகி நின்ற ஒருவரை நான் அறிவேன். 1970களின் பிற்பகுதியில் நான் கல்லூரி மாணவனாக மண்ணடியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே மூர் மார்க்கெட்டுக்குச் செல்லுவது வழக்கம். பாடப் புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்குவதே நோக்கம். தாழ்வாரத்தின் ஒரு மூலையில், வெள்ளைத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்த பெரியவர் ஒருவர், புத்தகங்களைத் தரையில் பரப்பாமல் பலகைமேல் அடுக்கி வைத்திருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இறைவன் திருப்பெயர் இருக்குமோ, காலடியில் கிடக்கலாமா என்று திருப்பிக் கேட்டார்.

அன்று அவருடைய அடுக்கில் அட்டை கிழிந்த ஒரு நூலைக் கண்டேன். அரபு எழுத்து. கல்லச்சில் பதித்த பழுப்புத் தாள். கையில் எடுத்து, "பாய், இது குர்ஆன் தப்சீரா?" என்று கேட்டேன்.

"இல்லே தம்பி. தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு. பொம்பளைங்களுக்குத் தொழுகை, நோன்பு, சுத்தம் இதெல்லாம் சொல்ற கிதாபு. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இருந்தா ஓதிக் காட்டுவாங்க."

"என்ன விலை?"

"இதுக்கு விலை பேசக்கூடாது தம்பி. முடிஞ்சதை ஹதியாவாக் கொடுங்க."

நான்கு மடங்கு விலை சொல்லும் அந்தச் சந்தையில் இப்படியும் ஒரு வாக்கு இருந்தது. இரண்டு ரூபாய் கொடுத்தேன். அதை எண்ணிப் பாராமல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

விடுமுறையில் கீழக்கரைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அதனை எடுத்துச் சென்றேன். என் தாயைப் பெற்ற உம்மம்மா பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர். நிலப் பத்திரங்களில் பெருவிரல் ரேகை வைத்தவர். அரசாங்கக் கணக்கில் எழுத்தறிவில்லாதவர். அவர் அந்த நூலைக் கையில் வாங்கி, தலைமுக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மி சொல்லி, மடமடவென்று வாசிக்கத் தொடங்கியபோது வீட்டிலிருந்த எங்களுக்கெல்லாம் வியப்பு. அதுவரை அவர் ஓதுவதெல்லாம் மனப்பாடம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

கடைசித் தாளில் கையெழுத்தாகச் சில வரிகள் இருந்தன. அதையும் வாசித்தார். யாரோ ஒரு தாய், தன் பிள்ளைகள் பிறந்த நாள்களை ஹிஜ்ரீ மாதக் கணக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்து வைத்திருந்தார். மூன்றாவது பெயருக்கு எதிரே மவுத்தான நாளும் இருந்தது. உம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த வீட்டுப் புள்ளையோ, இதைப் போயி கடையில போட்டிருக்காங்களே" என்றார்.

நம் முன்னோர் அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் அழைத்த எழுத்து முறை அது. தமிழின் ட, ப, ச போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேல் சில புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, தமிழை அரபு வடிவத்தில் எழுதினர். தமிழகத்திலும் இலங்கையிலும் அது வழங்கியது. குர்ஆன் ஓதக் கற்ற எந்தப் பெண்ணும் சிறிது பயிற்சியோடு அதனை வாசிக்க முடிந்தது. மார்க்கச் சட்டம் மட்டுமன்றி மருத்துவமும் கதையும் பாட்டும் அதில் எழுதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்து அறப்பணி புரிந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் மகானி என்னும் சட்ட நூல் அந்த வரிசையில் புகழ் பெற்றது. அப்பெரியார் மறைந்தது 1898ஆம் ஆண்டு. மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அதே ஆண்டுதான். ஓர் எழுத்து மரபின் பேராசான் விடைபெற்ற ஆண்டில், அந்த மரபின் சிதறிய ஏடுகளுக்குப் பின்னாளில் அடைக்கலம் தரவிருந்த கட்டடத்துக்குக் கல் நடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் தமிழ் எழுத்தைக் கற்றனர். மார்க்க நூல்களும் தமிழ் எழுத்திலேயே அச்சாயின. அது நன்மையே. ஆனால் இரண்டு தலைமுறைக்குள், பாட்டி வாசித்த நூலைப் பேரன் திறந்து பார்க்கவும் முடியாத நிலை வந்தது. பாட்டி மறைந்தபின் அந்நூலுக்கு இரண்டு வழிகளே இருந்தன. அரபு எழுத்தாயிற்றே, குர்ஆன் ஏடாக இருக்கலாம் என்று எண்ணிய வீடுகளில், கிழிந்த திருமறைத் தாள்களுக்குச் செய்வது போல் பக்தியோடு மண்ணில் புதைத்தனர். அல்லது நீரில் விட்டனர். அதனால் மருத்துவக் குறிப்பும் தாலாட்டும்கூட மண்ணுக்குள் போயின. எதுவென்று எண்ணாத வீடுகளில் பழைய தாள்காரரின் தராசில் ஏற்றினர். மரியாதையும் அழித்தது, அலட்சியமும் அழித்தது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு துறையாக நின்றது மூர் மார்க்கெட். பழைய தாள்காரர் மூட்டை அங்கே வந்து அவிழும். பலகைமேல் நூல் அடுக்கும் பெரியவரைப் போன்ற ஒருவர் கண்ணில் படும். அவரிடமிருந்து ஓர் ஆலிமோ ஆராய்ச்சியாளரோ, என்னைப் போன்ற ஒரு மாணவனோ எடுத்துச் செல்வான். கைவிடப்பட்ட நூலுக்கு இன்னொரு கை கிடைக்கும். நகரத்தில் எத்தனையோ நூலகங்கள் இருந்தன. அவை மதிப்புத் தெரிந்த நூல்களைக் காத்தன. மதிப்புத் தெரியாத நூல், தன்னை அறிந்தவர் வரும்வரை காத்திருப்பதற்கு ஒரு தாழ்வாரம் வேண்டும். அந்தத் தாழ்வாரத்தை மூர் மார்க்கெட் தந்தது.

1985ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் அந்த அங்காடி தீக்கிரையாயிற்று. மரமும் துணியும் தாளும் நிறைந்த இடம். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த கட்டடம் கருகிய வளைவுகளோடு நின்றது. இரயில் நிலையத்தின் விரிவுக்கு அந்நிலம் வேண்டப்பட்ட காலத்தில் தீ வந்ததால் நகரத்தில் பலவாறு பேசிக்கொண்டார்கள். பேச்சைச் சாட்சியாக எழுதுவது முறையன்று. ஊகத்தைத் தவிர்க்குமாறு நம் மறையும் நமக்குக் கட்டளையிட்டுள்ளது. நடந்தது இதுதான்: எஞ்சிய சுவர்கள் அகற்றப்பட்டன, அங்கே இரயில்வேயின் பன்மாடிக் கட்டடம் எழுந்தது, கடைக்காரர்களுக்கு அருகில் அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் தரப்பட்டது. அதே 1985இல் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டு, உயிர்க் காலேஜும் அந்த வட்டாரத்தை விட்டு நீங்கியது.

தீப்பட்ட கட்டடம் அழிந்தே தீரவேண்டும் என்பதில்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயால் சிதைந்தது. மேற்கூரை இழந்து நின்ற அதனை மீட்டு, பழைய முறையிலேயே செப்பனிட்டு, மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1983இல் எரிந்த ஸ்பென்சர் கட்டடத்துக்கும், 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பழைய கட்டடம் பொதுச் சொத்து, தலைமுறைகளின் அமானிதம் என்னும் எண்ணம் அன்று போதிய வலுப்பெறவில்லை. பின்னர் நிலைய வளாகத்தில் மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். மாதிரியின் வளைவுகளை நாம் பார்க்கலாம். அவற்றின் நிழலில் ஒதுங்க முடியாது.

பலகைமேல் நூல் அடுக்கிய பெரியவரை அதன்பின் நான் அல்லிக்குளத்தில் ஒருமுறை தேடிச் சென்றேன். அங்கே அவர் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், பாய் ஊருக்குப் போய்விட்டார் என்றார். கடைகள் இடம் மாறலாம். ஆனால் வாடிக்கை என்பது மூட்டையில் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய பொருளன்று. எந்த ஊர்த் தாள்காரர் எந்த நாளில் வருவார், எந்த ஆலிம் எந்த நூலைத் தேடுகிறார் என்ற அறிவெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்த மனிதர்களிடம் இருந்தது. சென்னையில் பழைய புத்தகக் கடைகள் பின்னரும் இருந்தன. ஆயினும் மூட்டை அவிழும் அந்த ஒரே முற்றம் போயிற்று. அதன்பின் எத்தனையோ மூட்டைகள் அவிழாமலே காகித ஆலைக்குச் சென்றிருக்கும்.

கட்டுரையின் தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட தேவை இப்போது விளங்கியிருக்கும். நகரம் தந்த தாழ்வாரம் போய்விட்டபடியால், அதன் வேலை நம் வீடுகளுக்கு வந்துவிட்டது.

இது புதிய வேலையும் அன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் சுவடிகளில் சிதறிக் கிடந்தது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1842ஆம் ஆண்டு அதனை அச்சேற்றினார்கள். அவர்களுக்குச் சுவடி கொடுத்தவர்கள் யார்? தம் வீட்டில் இருப்பது இன்னதென்று அறிந்து, அழியாமல் காத்த குடும்பத்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. அரபு, அர்வி, பாரசீக இலக்கியங்களைப் பற்றித் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய பேராய்வு 1993இல் வெளிவந்தது. எங்கோ யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால் ஆன பணிகள் இவை.

ஆகவே, அன்புடைய குடும்பத்தாரே, அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருக்கும் துணிமுடிச்சை ஒருகணம் அவிழ்த்துப் பாருங்கள். அரபு எழுத்திலுள்ள ஒவ்வொரு தாளும் திருமறை ஆகாது. மண்ணுக்குக் கொடுப்பதற்குமுன் அர்வி வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். வீட்டில் மூதாட்டி ஒருவர் உயிரோடிருந்தால் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்; பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைப்பதற்கு இக்காலத்தில் செலவும் இல்லை. வைத்துக்கொள்ள இடமில்லையெனில், நூலகத்துக்கோ மதரசாவுக்கோ வழங்கி, எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஒரு பழைய பிரதியைக் கொடுப்பதும் அறம்தான். அதிலிருந்து ஒருவர் ஒரு வரி கற்கும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும்.

உம்மம்மா வாசித்த அந்த நூல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசித் தாளிலுள்ள பெயர்களுக்கு உரிய குடும்பம் எது என்று நான் பலரிடம் விசாரித்தும் தெரியவில்லை. அந்தத் தாயின் சந்ததியினர் எங்கேனும் வாழ்ந்துகொண்டிருப்பர். இந்த இதழை வாசிப்பவர்களுள் ஒருவராகவும் இருக்கக்கூடும். அவர்களுக்கு உரியது என்னிடம் அமானிதமாக இருக்கிறது. அதனைப் போன்ற அமானிதங்கள் இன்னும் எத்தனை வீடுகளில் உறங்குகின்றனவோ, அல்லாஹ் ஒருவனே அறிவான். அவை மண்ணுக்கும் தராசுக்கும் இரையாகுமுன் நம் கண்ணில் படுமாறு அவன் அருள் புரிவானாக.